கட்டியவனே அவிழ்க்க வேண்டும்

மூன்றாம் குடிலின் அலாரம் திடீரென்று அலறியது.

விமல்ராஜின் கையிலிருந்த டம்ளர் தளும்பி, சூடான டீ மணிக்கட்டில் வழிந்தது. உதறிக்கொண்டே ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தான். தூறலுக்குப் பின்னால் நான்கு பசுமைக்குடில்களும் நனைந்த யானைகள் மாதிரி வரிசையாகப் படுத்திருந்தன. மூன்றாவதன் நெற்றியில் மட்டும் சிவப்பு விளக்கு சுழன்றது.

முதலில் எரிச்சல்தான் வந்தது. பயம் அதற்குப் பிறகுதான். அது வெப்பம் மீறினால் மட்டும் கத்துகிற அலாரம். சித்திரை வெயிலில் மின்விசிறி நின்றுபோனால் கத்தும். இதுவோ கார்த்திகை. விடிந்ததிலிருந்து தூறல் விடவில்லை. ஓசூர்க் குளிர் சட்டைக்குள் கைவிட்டு விலாவைத் தடவிக்கொண்டிருந்தது. இந்தக் குளிரில் ஒரு குடிலுக்கு மட்டும் எப்படி ஜுரம் வரும்?

வாசலில் வேலைக்காரப் பெண்களை ஏற்றிக்கொண்ட வேன் புறப்படத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. ஏறப்போன வெங்கடம்மாளை அவன் கூப்பிட்டான்.

"வெங்கடம்மா, ஒரு எட்டு போயி அந்த சுவிட்ச அமத்திட்டு வந்துடேன்."

"அய்யோ, நான் மாட்டேன் சாமி! நீங்க போங்க சார். நீங்கதான பூச்சி சார்? உள்ள இருக்கறதெல்லாம் உங்க சொந்தக்காரங்கதான?"

வேனுக்குள் சிரிப்பு எழுந்தது. எழுந்த வேகத்திலேயே அடங்கியும் விட்டது. ஒருத்திகூட மூன்றாம் குடிலின் பக்கம் திரும்பவில்லை. வேன் ராயக்கோட்டை சாலையில் ஏறி, தொழிற்சாலை பஸ்களின் வெளிச்சத்தோடு கலந்து மறைந்தது.

பூச்சி சார். தென்காசியிலிருந்து வேலை தேடி வந்த விமல்ராஜுக்கு இங்கே கிடைத்த பட்டம். அழகுச் செடிகள் மட்டுமே வளர்க்கும் பெரிய நர்சரி அது. குரோட்டன்ஸ், செம்பருத்தி, ரப்பர் செடி என்று எல்லாம் பெங்களூரு ஆபீஸ்களின் கண்ணாடி வாசல்களுக்குப் போகும். அவற்றில் எந்தப் பூச்சி விழுந்தது, எந்த நோய் பிடித்தது, எந்த மருந்தை எப்போது அடிப்பது என்று பார்ப்பது அவன் வேலை. அந்த வேலையில் அவன் கெட்டிக்காரன். மூன்றாம் குடிலுக்கு வெளியே.

குடையை விரித்துக்கொண்டு நடந்தான். நாளைக் காலை பெங்களூருக் கம்பெனி ஆட்கள் செடி பார்க்க வருகிறார்கள். மாவுப்பூச்சி இருக்கிறது என்று சொல்லி ஏற்கெனவே லோடைத் திருப்பி அனுப்பியவர்கள். "இந்தத் தடவையும் திரும்பி வந்துச்சுன்னா செடியோட சேத்து உன்னையும் ஏத்தி அனுப்பிருவேன்" என்று ஓனர் தீர்த்தகிரி போனில் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். 

குடிலுக்கு இரட்டைக் கதவு. வெளிக்கதவைச் சாத்திவிட்டுத்தான் உள்கதவைத் திறக்க வேண்டும். பூச்சி புகுந்துவிடக் கூடாது என்பதற்காக. இரண்டுக்கும் நடுவே, கிருமி போகக் கால் நனைக்கும் கத்திரிப்பூ நிற மருந்துத் தண்ணீர். அவன் கால் நனைத்து, உள்கதவைத் தள்ளினான்.

வெதுவெதுப்பான காற்று முகத்தில் மோதியது. வெயில் அடைபட்ட சூடு இல்லை அது. தூங்குகிறவர் பக்கத்தில் குனிந்தால் முகத்தில் படுமே, அந்த ஈரமான சூடு. கதவோரத்துச் சுவிட்சை அணைத்தான். அலறல் நின்றது. வெப்பமானியைப் பார்த்தான். முப்பத்தேழு. ஓர் உடம்பின் சூடு.

அலாரம் நின்ற அமைதியில்தான் அந்தச் சத்தம் கேட்டது.

டப்.

சின்னச் சத்தம். ஓர் இலையை அதன் காம்போடு கட்டைவிரல் நகத்தால் கிள்ளினால் கேட்கிற சத்தம். பிளாஸ்டிக் கூரைமேல் தூறல் சலசலத்துக்கொண்டிருந்தது. அதற்குள் அது அமிழ்ந்து போயிருக்க வேண்டும். அமிழவில்லை. அவன் காதுக்கென்றே அனுப்பியது போலத் தெளிவாக வந்தது.

டப். கொஞ்ச நேரம். டப்.

"யாரது?" என்றான். குரல் வரிசைகளுக்குள் போய்த் திரும்பி வரவில்லை.

காலடியில் எதுவோ மெத்தென்றது. குனிந்து பார்த்தான். பச்சை இலைகள். இப்போதுதான் கிள்ளிய இலைகள், காம்பில் பால் வடிய, ஒரு குவியலாக. குவித்து வைத்திருந்த முறையைப் பார்த்ததும் அவன் ஓரடி பின்வாங்கினான். எல்லா இலைகளும் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. அடிப்பக்கம் மேலே தெரிய.

அப்படி அடுக்குகிறவள் இந்த நர்சரியில் ஒருத்திதான் இருந்தாள்.

வெளியே பாய்ந்து வந்தபோது கந்தன் மீது மோதிக்கொண்டான். கோணியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கந்தன் மழையில் நின்றிருந்தான். மருந்து அடிக்கிறவன். ஆவணி வரைக்கும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த ஆள்.

"இன்னா சார், ஓடியாறீங்க?"

"ஒண்ணுமில்ல. அலாரம். நீ இன்னும் போகலயா?"

"நாலாவது ஷெட்டுக்குப் பொகை போட்டன். துணி கட்டிட்டன்." கந்தன் நாலாம் குடிலின் பக்கம் திரும்பிப் பார்த்தான். "கட்டிட்டனா சார்? உங்களுக்குத் தெரியுதா?"

"தெரியுது கந்தா. கட்டியிருக்கு."

"சரிங்க சார். எதுக்கும் ஒருக்கா போய்த் தொட்டுப் பாத்துட்டு வந்துடறன்."

போனான். தொட்டுப் பார்த்தான். வந்தான். பாதி வழியில் மறுபடியும் திரும்பிப் போய்த் தொட்டுப் பார்த்தான்.

அந்தத் துணிதான் எல்லாவற்றுக்கும் காரணம். குடிலைச் சாத்திப் புகை மருந்து போட்டால், போட்டவன் கதவில் சிவப்புத் துணி கட்ட வேண்டும். துணி தொங்குகிற குடிலுக்குள் முதலாளியே ஆனாலும் நுழையக் கூடாது. விஷம் இறங்கி, காற்றாடவிட்டு, கட்டியவன்தான் வந்து அவிழ்க்க வேண்டும். எழுத்தில் இல்லாத சட்டம். சுற்றுவட்டார நர்சரிகள் எல்லாவற்றிலும் இதுதான் நடைமுறை.

ஆவணியில் ஒருநாள் கந்தன் மூன்றாம் குடிலுக்குப் புகை போட்டுத் துணி கட்டினான். பம்பு ரிப்பேர் என்று காவேரிப்பட்டினம் போனான். மறுநாள் வரவேண்டிய லாரி அன்றைக்கே வந்து நின்றது. பெங்களூரில் ஆபீஸ் திறப்பு விழாவை ஒருநாள் முன்னதாகவே வைத்துவிட்டார்களாம். டிரைவர் ஆரனை அழுத்திக்கொண்டே இருந்தான். விமல்ராஜ் சுற்றும்முற்றும் பார்த்தான். துணியை அவிழ்த்துப் பாக்கெட்டில் திணித்தான். கதவைக் கொஞ்ச நேரம் திறந்து வைத்தான். பிறகு இலை பார்க்கிற ராசாத்தியைக் கூப்பிட்டான்.

ராசாத்தி கந்தனின் மனைவி. செடி செடியாக, ஒவ்வோர் இலையையும் திருப்பிப் பார்த்து, பூச்சி விழுந்ததைக் கிள்ளி, அடிப்பக்கம் மேலே தெரியக் குவித்து வைப்பது அவள் வேலை. "மேல பாத்தா எல்லா எலையும் நல்ல எலதான் சார். திருப்பிப் பாத்தாதான் யோக்கியத தெரியும்" என்று சொல்லிச் சிரிப்பாள். அன்றைக்கு வாசலில் நின்று மூக்கைச் சுளித்தாள். "பூண்டு அழுகின மாதிரி வாடை அடிக்கிதே சார்?" என்றாள். "அதெல்லாம் எறங்கிருச்சு, முன்வரிசைத் தொட்டிகளை மட்டும் எடுத்து வெளிய வை" என்றான் அவன்.

எடுத்து வைத்தது கொஞ்சம். பிறகு தொட்டிகள் வரவில்லை.

பம்போடு வந்து இறங்கிய கந்தன், கூட்டத்தையும் கிடத்தியிருந்த மனைவியையும் பார்த்துவிட்டு முதலில் கேட்டது ஒன்றுதான். "நான் துணி கட்டிட்டுத்தான சார் போனன்?"

ஊரே கதவைப் பார்த்தது. கதவில் துணி இல்லை. "துணியே இல்லியே கந்தா" என்றான் விமல்ராஜ். பாக்கெட்டில் அது ஈரப் பிராணி மாதிரி கனத்தது.

போலீஸிடமும் அதையேதான் சொன்னான். மறதியில் நடந்த விபத்து. ஓனர் இரக்கப்பட்டுக் கந்தனை வேலையில் வைத்துக்கொண்டார். கந்தன் முதலில் சத்தியம் செய்தான். பிறகு தயங்கினான். பிறகு, தன் கையே தன் பெண்டாட்டியைக் கொன்றது என்று நம்பத் தொடங்கினான். அவன் நம்புகிற வரைக்கும் விமல்ராஜுக்கு ஆபத்தில்லை. கணக்கு அவ்வளவுதான்.

காரியம் முடிந்த மறுவாரம் மூன்றாம் குடிலில் மாவுப்பூச்சி விழுந்தது. பஞ்சைப் பிய்த்து ஒட்டினாற்போல் கணுவுக்குக் கணு வெள்ளை. வேப்பெண்ணெய் அடித்தான், சோப்புக் கரைசல் அடித்தான். பூச்சியைத் தின்னும் பொறிவண்டுகளை வாங்கிவந்து விட்டான். அவை வாசலிலேயே மல்லாந்து கிடந்தன. கடுமையான மருந்துகளையும் அடித்துப் பார்த்தான். மற்ற மூன்று குடில்களிலும் துளி வெள்ளைகூட இல்லை. இங்கே மட்டும், அவன் கைபட்ட செடிகளில் மட்டும், மறுநாளே பூத்தது.

"சார்." கந்தன் பக்கத்தில் வந்து நின்றான். எப்போதும் கேட்பதைக் கேட்டான். "அன்னிக்கு நான் துணி கட்டல, அது நெசந்தான?"

"எத்தன தடவ கேப்ப? கட்டல. நானே பாத்தேன். மனுசனுக்கு மறதி வர்றதுதான், விடு."

கந்தன் தலையாட்டினான். காதைச் சாய்த்தான். "உள்ள யாரோ எல கிள்றாங்க சார்."

விமல்ராஜ் குடிலின் பக்கம் திரும்பவில்லை. "எலியா இருக்கும்."

"எலி கடிக்கும் சார். கிள்ளாது." கந்தன் கோணியைச் சரிசெய்துகொண்டான். "நான் போய்ப் பாக்கறன்."

"வேணாம்!"

கத்திவிட்டான். கந்தன் அவனையே பார்த்தான். விமல்ராஜ் குரலைத் தணித்தான். "நீ இங்கயே நில்லு. நான் பாக்கறேன். நாளைக்கு ஆள் வர்றாங்க, செடியெல்லாம் மொட்டையாயிரும்."

உள்ளே இருப்பது எதுவாகவும் இருக்கட்டும். அது கந்தனோடு பேசிவிடக் கூடாது. அந்த ஒரு நினைப்புதான் அவன் காலை உள்ளே தள்ளியது.

வெளிக்கதவு. ஊதாத் தண்ணீர். உள்கதவு.

போன் வெளிச்சத்தைப் பிடித்தான். செடிகளுக்கு மேலே, பூச்சி வந்து ஒட்டிக்கொள்வதற்காகக் கட்டியிருந்த மஞ்சள் அட்டைகள் காற்றில்லாமலே ஆடிக்கொண்டிருந்தன. வழக்கமாக அவற்றில் வெள்ளை ஈக்கள் எள்ளைத் தூவினாற்போல் சிதறி ஒட்டியிருக்கும். முதல் அட்டையில் அவை ஒரே இடத்தில் நெருங்கி ஒட்டியிருந்தன. ஓர் உள்ளங்கை. ஐந்து விரல். அடுத்த அட்டையிலும் உள்ளங்கை. அதற்கடுத்ததிலும். பிடிமானம் தேடி அட்டை அட்டையாகப் பற்றிக்கொண்டே ஒருத்தி உள்ளே தள்ளாடிப் போயிருக்கிற மாதிரி.

எங்கே விழுந்தாளோ அந்த வரிசையில் போய்க் கைகள் முடிந்தன.

டப்.

தலைமேல் ஏதோ சொட்டியது. தொட்டான். பிசுக்கு. மாவுப்பூச்சிகள் கழிக்கிற தேன் போன்ற நீர். இலைகளில் மின்னுவதை ஆயிரம் முறை பார்த்திருக்கிறான். கூரையிலிருந்து சொட்டி இப்போதுதான் பார்க்கிறான். அண்ணாந்தான். கூரை வெள்ளையாக இருந்தது. பஞ்சு வைத்துத் தைத்தாற்போல் முழுக் கூரையும் வெள்ளை. அது மெல்ல, மிக மெல்ல, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

வாடை வந்தது. பூண்டு. அழுகின பூண்டு.

இந்தக் குடிலுக்குப் புகை போட்டு எத்தனையோ நாள் ஆகிறது. தலைக்கு அது தெரிந்தது. தொண்டைக்குத் தெரியவில்லை. அது இறுகியது. கண் எரிந்தது. திரும்பி நடந்தான். நடை ஓட்டமானது. கதவு அங்கேதான் இருந்தது, பதினைந்தடி தூரத்தில். கைப்பிடியைத் தொட்டான். கை பஞ்சுக்குள் புதைந்தது. கதவின் இடுக்கு முழுவதும் வெள்ளை அடைத்திருந்தது. இழுத்தான். அசையவில்லை. பிறாண்டினான். நகக்கண்களில் சின்னச் சின்னக் கால்கள் ஊர்ந்தன.

"கந்தா!"

பிளாஸ்டிக் சுவருக்கு வெளியே கந்தனின் நிழல் தெரிந்தது. கோணி கவிழ்த்த தலை. நின்ற இடத்தில் நின்றது.

"கந்தா, கதவு மாட்டிக்கிச்சு! தள்ளு!"

நிழல் அசையவில்லை.

டப். முன்பைவிடப் பக்கத்தில்.

சுவரைக் கிழிக்கலாம் என்று தோன்றியது. குத்தினான். கையில் வலு இல்லை. முழங்கால் மடிந்தது. அவள் முழங்காலும் இப்படித்தான் மடிந்திருக்குமோ? போன் நழுவி விழுந்தது. அதன் வெளிச்சம் தரையோடு வரிசைக்குள் நீண்டது.

தொட்டிகளுக்கு நடுவே இரண்டு பாதங்கள்.

வெள்ளை. கொலுசு வெள்ளை. புடவைக் கரை வெள்ளை. ஒரு செடி முன்னால் நிற்கும். இலை திரும்பும். டப். அடுத்த செடி. அவசரமே இல்லை. இந்த வரிசையின் கடைசிச் செடிக்கு அடுத்து அவன்தான்.

"ராசாத்தி..."

டப்.

"ராசாத்தி, வேணும்னு செய்யல... லாரிக்காரன் நெருக்கினான்..."

டப்.

பாதங்கள் அவன் முன்னால் நின்றன. அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்க்க மாட்டான். கண்ணை இறுக்கிக்கொண்டான். ஒரு கை அவன் கையை எடுத்தது. பஞ்சு போல மெத்தென்று இருந்தது. கோபம் இல்லாத கை. தொழில் தெரிந்த கை. அவன் உள்ளங்கையைத் திருப்பியது. விரல் விரலாக, அடிப்பக்கம் பார்த்தது.

சுண்டுவிரலின் அடிக்கணுவில் ஒரு நகம் வந்து பதிந்தது.

டப்.

அலறினான். வலி முழங்கை வரை ஓடியது. நகம் அடுத்த விரலுக்கு நகர்ந்து, பதிந்து, காத்திருந்தது. ஏன் காத்திருக்கிறது என்பது அவனுக்குச் சட்டென்று புரிந்தது. அவனிடமிருந்து அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். அதுவும் அவள் காதுக்கு இல்லை. சுவருக்கு வெளியே நிற்கிறவன் காதுக்கு.

"நான்தான்!" தொண்டை கிழிந்தது. "கந்தா, நான்தான் அவுத்தேன்! நீ கட்டியிருந்த! ஒழுங்காத்தான் கட்டியிருந்த! நான் அவுத்து, பாக்கெட்டுல வெச்சு, நோய் எலையோட போட்டு எரிச்சிட்டேன்! உன்மேல தப்பே இல்ல! அவ வாடை அடிக்கிதுன்னு சொன்னா, நான்தான் உள்ள அனுப்பினேன்!"

நகம் விலகியது.

கிள்ளும் சத்தம் நின்றது. கூரையின் மூச்சு நின்றது. தூறல் மட்டும். கதவின் இடுக்கில் அடைத்திருந்த வெள்ளையில் ஒரு கீற்று விலகி, குளிர்ந்த காற்று உள்ளே வந்தது. விமல்ராஜ் அந்தக் கீற்றுக்கு வாயைக் கொண்டுபோய் மூச்சை இழுத்தான். அழுதான். சொல்லிவிட்டான். முடிந்தது. இனி ஜெயிலோ, அடியோ, எதுவோ. வெளியே போனால் போதும்.

வெளியே கால்கள் சேற்றில் சளக் சளக்கென்று வந்தன. கந்தனின் நிழல் பெரிதாகி, சுவரோடு ஒட்டி நின்றது. பிளாஸ்டிக்கின் மேல் ஓர் உள்ளங்கை வந்து பதிந்தது. விமல்ராஜ் கையை அதை நோக்கி நீட்டினான்.

ஆனால் அந்த உள்ளங்கை பதிந்த உயரம் அவனுக்கானது இல்லை. அவன் தலைக்கு மேலே, அவன் பின்னால் நிற்கிறவளின் முகம் இருக்கும் உயரம். கந்தன் பேசினான். ஆவணிக்குப் பிறகு அவன் குரலில் இல்லாத நிம்மதி அதில் இருந்தது.

"என் காதால கேட்டுட்டன் ராசாத்தி. இனிமே உன் பாடு, அவன் பாடு."